அச்சம் வேறு, ஆபத்து வேறு

மட்டக்களப்புக்குப் போகிறவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்றொரு பேச்சு வட இலங்கையில் நெடுங்காலமாக உண்டு. வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் கிழக்கே போன ஆண்கள் அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டால், அவர்கள் விரும்பித்தான் தங்கினார்கள் என்று ஒப்புக்கொள்ள ஊருக்கு மனம் வருவதில்லை. மட்டக்களப்புப் பெண் மந்திரம் செய்துவிட்டாள் என்று சொல்லிவிட்டால் ஆணின் பொறுப்பும் கழிந்துவிடும். குடும்பத்தின் மானமும் தப்பிவிடும். இந்தப் பேச்சைக் கேட்டு மட்டக்களப்பு மக்கள் சிரிப்பதுமுண்டு, சினப்பதுமுண்டு. எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. ஆணும் பெண்ணும் நெருங்கியதைப் பற்றி நேராகப் பேசத் தெரியாத சமூகம், அந்த நெருக்கத்தின் பின்விளைவுகளையும் மாயமாகவே விளங்கிக்கொள்கிறது. அக்காலத்தில் மந்திரத்துக்கு இருந்த இடத்தை இக்காலத்தில் எச்.ஐ.வி. பிடித்துக்கொண்டிருக்கிறது.

வாவியின் படுவான்கரையிலோ எழுவான்கரையிலோ வாழும் ஓர் இளைஞனை எண்ணிக்கொள்வோம். கொழும்பில் வேலை. ஒரு பெண்ணோடு ஓர் இரவு நெருக்கமாக இருந்தான்; முத்தமும் தழுவலும்தான் நிகழ்ந்தன, அல்லது அதற்கு மேல் போயிருந்தால் ஆணுறை அணிந்திருந்தான். இரண்டு வாரம் கழித்து உதயதேவி ரயிலில் ஊருக்கு வருகிறான். வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிறது. அவனுக்குக் காய்ச்சல் காய்கிறது. கைபேசியில் தேடிப் பார்க்கிறான். தொண்டை நோவு, உடல் வலி, தோலில் சிவப்பு எல்லாமே எச்.ஐ.வி.யின் அறிகுறிகளாம். அன்றிலிருந்து அவனுக்கு உறக்கமில்லை. குருதி பரிசோதிக்கிறான், தொற்று இல்லை என்று வருகிறது. நம்பாமல் இன்னோர் ஆய்வுகூடத்துக்குப் போகிறான். மூன்றாவது முறையும் போகிறான். இவன் நான் கற்பனை செய்துகொண்ட மனிதன்தான். ஆனால் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பணிபுரியும் எந்த வைத்தியரைக் கேட்டாலும், இப்படியொருவனைப் பார்த்ததேயில்லை என்று சொல்லமாட்டார். எயிட்ஸ் அச்சம் என்று உளமருத்துவ நூல்கள் 1980களிலேயே இவனைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டன.

இவனைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. செய்த பாவத்துக்கு அனுபவிக்கட்டும் என்பவர்களும் உண்டு. இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. இந்த அச்சம் தனியொருவனின் மனக்கோளாறு அன்று. நாமெல்லோரும் சேர்ந்து வளர்த்த ஒன்று. அதை விளங்கிக்கொள்ளாவிட்டால், தேவையில்லாமல் அஞ்சுகிறவனையும் நம்மால் மீட்க முடியாது. அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சாமல் இருப்பவனையும் காப்பாற்ற முடியாது.

முதலில் அறிவியல் சொல்வதைப் பார்ப்போம். எச்.ஐ.வி. குருதி, விந்து, யோனித் திரவம், மலவாயிலின் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கிறது. உமிழ்நீர், வியர்வை, கண்ணீர் வழியாகச் செல்வதில்லை. கைகுலுக்குவதால், தழுவுவதால், ஒரே கோப்பையில் குடிப்பதால், ஒரே கிணற்றில் குளிப்பதால் வராது. நுளம்பும் இதைக் கொண்டுவராது. உமிழ்நீர் கலந்த சாதாரண முத்தத்தால் வராது. வாய்வழி உறவில் ஆபத்து மிக மிகக் குறைவு. ஆணுறையை முறையாக அணிந்து, அது கிழியாமல் இருந்தால், உடலுறவிலும் ஆபத்து பெருமளவு நீங்கிவிடுகிறது. சிலர் வேறொன்று கேட்பார்கள்: வாயின் ஈறிலிருந்து பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்து எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்களே, அப்படியானால் எச்சிலில் கிருமி இருக்கிறது என்றுதானே பொருள்? இல்லை. அந்தப் பரிசோதனை தேடுவது கிருமியையன்று. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளை.

இனிக் கணக்குக்கு வருவோம். தொற்றுள்ள, மருந்து உட்கொள்ளாத ஒரு பெண்ணோடு ஓர் ஆண் ஆணுறையின்றி ஒருமுறை யோனிவழி உறவு கொண்டால், அவனுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10,000க்கு 4 என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டிருக்கிறது. ஆணிடமிருந்து பெண்ணுக்கு என்றால் 10,000க்கு 8. இலங்கையில் வயதுவந்தோரில் தொற்றுள்ளவர்கள் 0.1 வீதத்துக்கும் குறைவு. துணையைப் பற்றி எதுவுமே தெரியாது, ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் ஒரு கோடிக்கு நான்கு, அதாவது 25 இலட்சத்தில் ஒன்று. இதுவும் ஆணுறை இல்லாத உறவுக்கான கணக்கு. நம் இளைஞனின் முத்தத்துக்கும் தழுவலுக்கும் கணக்கே தேவையில்லை.

இந்தக் கணக்கை யாரும் தவறாக விளங்கிக்கொள்ளக்கூடாது. இது எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. ஆணுறையின்றி மலவாய்வழி உறவில் ஏற்றுக்கொள்பவருக்கான வாய்ப்பு 10,000க்கு 138. ஊசியைப் பகிர்ந்துகொள்வதில் 63. பாலுறுப்பில் புண் இருந்தாலோ, துணைக்கு அண்மையில்தான் தொற்று ஏற்பட்டிருந்தாலோ ஆபத்து கூடும். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் போன்ற சில பிரிவினரிடையே தொற்றின் வீதம் பொதுமக்களிடையே உள்ளதைவிட அதிகம். ஒரு தடவையிலேயே தொற்றியவர்களும் உலகில் இருக்கிறார்கள். ஆகவே, எனக்கு ஒன்றும் வராது என்று நெஞ்சை நிமிர்த்துவதற்காக இந்த எண்களைத் தரவில்லை. எந்தச் செயலுக்கு எவ்வளவு அஞ்சுவது என்ற அளவுகோல் ஒன்று இருக்கிறது என்று காட்டவே தருகிறேன்.

காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எச்.ஐ.வி. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை நோவு, தோலில் தடிப்பு ஆகியவை வருவது மெய்தான். ஆனால் இவை எந்தக் கிருமிக் காய்ச்சலிலும் வருபவை. வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய்ந்த மாதங்களில் மட்டக்களப்பில் காய்ச்சலும் உடம்பில் சிவப்பும் கண்டால், வைத்தியர் முதலில் ஐயப்படுவது டெங்கைத்தான். அப்படி ஐயப்படுவதே முறை. எயிட்ஸை நினைத்து அறைக்குள் முடங்கிக் கிடக்கும் இளைஞன், கவனிக்கப்படாத டெங்கினால் உயிராபத்துக்கு உள்ளாகக்கூடும். அறிகுறியை வைத்து எச்.ஐ.வி. உண்டென்றோ இல்லையென்றோ எவராலும் சொல்ல முடியாது. பரிசோதனையால் மட்டுமே முடியும்.

அந்தப் பரிசோதனைக்கு ஒரு காலவரையறை உண்டு. ஆய்வுகூடத்தில் நாளக் குருதியில் செய்யப்படும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, சம்பவம் நடந்து 45 நாட்கள் கழிந்தபின் தொற்று இல்லை என்று காட்டினால் அதை நம்பலாம். விரலில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனையும் சுயபரிசோதனையும் என்றால் 90 நாட்கள் பொறுக்கவேண்டும். அதன்பின் இன்னொன்று, இன்னொன்று என்று ஓடுவதில் பயனில்லை. சம்பவம் மெய்யாகவே ஆபத்தானது, ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது வன்புணர்வு நேர்ந்துவிட்டது என்றால் காத்திருக்கவே கூடாது. 72 மணிநேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நம் ஊர்களில் அந்த 72 மணிநேரம் பெரும்பாலும் யாரிடம் சொல்வது என்ற யோசனையிலேயே கழிந்துவிடுகிறது. வீண் அச்சத்தைவிட என்னை அதிகம் கலங்கவைப்பது இதுதான்.

இவ்வளவையும் சொன்னபிறகும் நம் இளைஞனுக்கு உறக்கம் வராது. ஏனென்றால் அவன் அஞ்சுவது கிருமிக்கு மட்டுமன்று. பெற்றோர் பார்த்துவைத்த பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அஞ்சுகிறான். செய்தது தவறு, தவறுக்குத் தண்டனை வந்தே தீரும் என்று அவன் பயின்றுவந்த ஒழுக்கம் சொல்கிறது. அந்தத் தண்டனைக்கு அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர் எயிட்ஸ். பரிசோதனை முடிவு எத்தனை முறை நல்லதாக வந்தாலும் நம்ப முடியாமல் போவதன் காரணம் இதுவே. குருதியில் இல்லாத ஒன்றைக் குருதியில் தேடிக்கொண்டிருக்கிறான். குற்றவுணர்வுக்கு மருந்து ஆய்வுகூடத்தில் கிடைக்காது. தன் செயலைப் பற்றி அவனுக்கு வருத்தம் இருந்தால் அது அவனுடைய மனச்சாட்சிக்கும் அவனுடைய உறவுகளுக்கும் உரிய விடயம். அங்கே அதற்குத் தீர்வு காணட்டும். கிருமிக்கு ஒழுக்கம் தெரியாது. நல்லவன் கெட்டவன் பார்த்து அது தொற்றுவதில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய கணவனைத் தவிர வேறொருவரை அறியாத மனைவியருக்கும் அது தொற்றியிருக்கிறது. மூன்று முறை பரிசோதித்தும் மனம் அடங்காதவர், நாலாவது பரிசோதனைக்குச் செலவிடும் பணத்தை மிச்சம்பிடித்துக்கொண்டு ஓர் உளநல வைத்தியரிடம் போவதே சரியான வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த ஒழுக்கக் கணக்கை மக்கள் மனத்தில் எழுதியதில் ஊடகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது. இந்தியாவில் 1986இல் சென்னையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. வைத்தியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. இலங்கையில் 1987இல் முதல் நோயாளி அடையாளம் காணப்பட்டார். அந்த ஆண்டுகளில் மருந்தில்லை. அச்சுறுத்தலே தடுப்பு என்று கருதப்பட்டது. உயிர்க்கொல்லி நோய் என்ற அடைமொழியோடும் மண்டையோட்டுப் படத்தோடும் தமிழ்ப் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. 2000களின் தொடக்கத்தில் தமிழகத்துச் சுவர்களையெல்லாம் நிறைத்த "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரம், எயிட்ஸ் என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்த வகையில் பெரிய வெற்றி. கூடவே, நோய் வந்தவன் புள்ளிராஜாவாகத்தான் இருக்கவேண்டும் என்ற கேலியும் நிலைத்துவிட்டது. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து நிலைமை தலைகீழாக மாறியது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, குருதியில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து பாலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை. ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணையரைப் பின்தொடர்ந்து 2016இலும் 2019இலும் முடிவுகளை வெளியிட்ட பார்ட்னர் ஆய்வுகளில் அப்படிப் பரவிய ஒரு தொற்றுக்கூட இல்லை. மண்டையோட்டுக்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்குகூட இந்தச் செய்திக்கு நம் பத்திரிகைகளில் கிடைக்கவில்லை.

இதன் விலை என்னவென்பதைத் தமிழகத்தின் சாத்தூர் 2018இல் காட்டியது. அங்கே அரசு வைத்தியசாலையில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள குருதி ஏற்றப்பட்டது. குருதியைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். தனக்குத் தொற்று இருப்பதே அவருக்குத் தெரியாது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் அது தெரியவந்ததும், தாம் கொடுத்த குருதியைப் பிறருக்கு ஏற்றவேண்டாம் என்று தாமே முன்வந்து அறிவித்தார். குருதியைச் சரியாகப் பரிசோதித்திருக்க வேண்டிய அமைப்பின் பிழைக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் சில நாட்களுக்குள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நேர்மையாக நடந்துகொண்ட ஒருவர், மருந்தோடு முழு ஆயுளும் வாழ்ந்திருக்கக்கூடிய காலத்தில், வெட்கத்தால் இறந்தார். வளைகுடா நாடுகளுக்குப் போகும் பரிசோதனையின் வாயிலாகத் தம் நிலையை அறிய நேர்பவர்கள் மட்டக்களப்பிலும் இருக்கக்கூடும். அந்நாடுகள் தொற்றுள்ளவருக்கு வேலை விசா தருவதில்லை. கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டியவருக்கு ஒரே கடதாசியில் இரண்டு இடிகள் விழுகின்றன. அந்தக் கடதாசியைக் கையில் கொடுப்பவர், சிகிச்சை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்பது என் கோரிக்கை.

இன்னொரு நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது. 2016இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வதந்தி பரவியது. அவனோடு தம் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று மற்றப் பெற்றோர் எதிர்த்தனர். தொற்று இல்லை என்று மருத்துவச் சான்று காட்டியும் பயனில்லை. கடைசியில் கண்டியின் திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. தொற்று இருந்திருந்தாலும் அவனைப் பள்ளியில் சேர்க்க எந்தத் தடையும் இருந்திருக்கக்கூடாது என்பதே இதில் முதன்மையானது. முத்தமிட்டதால் தனக்கு எயிட்ஸ் வந்துவிட்டது என்று துடிக்கும் நம் இளைஞனையும், பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு எயிட்ஸ் வந்துவிடும் என்று பள்ளி வாசலில் நின்ற பெற்றோரையும் இணைத்துப் பார்க்கிறேன். இருவரும் நம்புவது ஒன்றையே: தொட்டால் தீட்டு. ஒருவன் அந்த நம்பிக்கையால் தன்னை வதைக்கிறான். மற்றவர்கள் ஒரு குழந்தையை வதைத்தார்கள். ஆகவே அச்சப்படும் இளைஞனுக்கு ஆறுதல் சொல்வதென்பது அவனுடைய உறக்கத்துக்காக மட்டும் செய்யும் உதவியன்று. சரியாக விளங்கிக்கொண்ட ஒருவன், நாளை தன் ஊரில் தொற்றுள்ள ஒருவருக்குப் பக்கத்தில் தயங்காமல் அமர்வான்.

மட்டக்களப்புக்கு இதில் தனிச் சிக்கலும் உண்டு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் இருகரை ஊர்களிலும் குடிவழிமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. தாய்வழியே குடி, மகளுக்கே வீடு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறவன். வருகிறவனைப் பற்றிப் பெண்ணின் குடியார் எல்லோரும் விசாரிப்பார்கள். இந்த நெருக்கம் துன்பகாலத்தில் பெரும் பலம். போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் மக்களைத் தாங்கியது இத்தகைய உறவுதான். ஆனால் மறைவாக ஒரு வைத்தியரைப் பார்க்க வேண்டியவனுக்கு இதுவே தடையாகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் படுவான்கரையிலிருந்து நகருக்கு வருவது எளிதாயிற்று. வைத்தியசாலை வாசலில் மாமியின் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற தயக்கத்துக்கு எந்தப் பாலமும் இன்னும் கட்டப்படவில்லை.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையைச் சார்ந்து பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இயங்குகிறது. தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் நாடெங்கும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. விவரங்கள் மறைவாகக் காக்கப்படும். கொனோரியா, சிபிலிசு போன்ற நோய்கள் எச்.ஐ.வி.யைவிட எளிதில் தொற்றுபவை. எயிட்ஸை மட்டுமே எண்ணி அஞ்சுகிறவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள். அவற்றுக்கும் அங்கேயே வைத்தியம் உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்றளித்தது. ஊர் ஊராகச் சென்ற குடும்பநல மாதர்களின் உழைப்பு அது. கர்ப்பிணிகளை வெட்கமின்றிப் பரிசோதனைக்குக் கொண்டுவர முடிந்த நாட்டில், இளைஞர்களைக் கொண்டுவர முடியாமற் போவதற்குக் காரணமில்லை. நாட்டில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோர் பல நூறு பேர். அவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். இவர்களில் பலர் ஒருபோதும் அஞ்சாதவர்களாக, ஒருமுறைகூடப் பரிசோதிக்காதவர்களாக இருந்திருப்பார்கள்.

வாசிக்கும் அன்பர்கள் கனடாவிலும் இலண்டனிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறீர்கள். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஊரிலிருந்து ஒரு தம்பியோ மருமகனோ தயங்கித் தயங்கித் தொலைபேசியில் இப்படியொரு கவலையைச் சொன்னால், யாரோடு போனாய் என்று முதலில் கேட்காதீர்கள். எப்போது நடந்தது, என்ன நடந்தது என்று கேளுங்கள். 72 மணிநேரத்துக்குள் என்றால், மெய்யான ஆபத்து இருந்ததா என்று பார்த்து, இருந்தால் உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். நாட்கள் கடந்துவிட்டால் 45ஆம் நாளையோ 90ஆம் நாளையோ நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். அதுவரை அவனைத் தனியே விட்டுவிடாதீர்கள். முடிவு வந்தபின் அதை நம்பும்படி சொல்லுங்கள். தொற்று இருக்கிறது என்று வந்தால், நாளுக்கு ஒரு மாத்திரையோடு முதுமைவரை வாழலாம், மணமுடிக்கலாம், தொற்றில்லாத குழந்தைகளையும் பெறலாம் என்று அன்றைக்கே சொல்லுங்கள். அவன் அதை வேறு யாரிடமிருந்தும் கேட்டிருக்கமாட்டான்.